படையலுக்கு வந்த ஸ்காட்ச்

நான் சமைக்கும் காக்ஸ் டவுன் வீட்டில் இன்று மதியம் ஐயாவும் அவர் நண்பர்களும் சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் பாட்டில்களைத் திறந்து வைத்து, எது உசத்தி என்று ருசி பார்த்தார்கள். குடித்து விழவில்லை. முகர்ந்தார்கள், நாக்கை நனைத்தார்கள், சண்டை போட்டார்கள்.

"இதுல தேன் வாசனை வருது."

"போடா, ஹாஸ்பிடல் வாசனைடா இது!"

சமையலறையை விட்டு வெளியே போக ஹாலைத் தாண்ட வேண்டும். வேலை முடிந்தும் உள்ளேயே நின்றேன். என் வீட்டுக்காரர் குடித்துக் குடித்தே போன மாதம் செத்துப்போனார். அந்த வாசனையில் நான் எப்படி நடப்பேன்?

நண்பர் ஒருவர் மிச்சம் கொஞ்சம் இருந்த பாட்டிலோடு உள்ளே வந்தார்.

"அக்கா, வீட்டுக்காரருக்குக் குடுங்க. பன்னெண்டு வருஷ சரக்கு. ஸ்வல்ப ஸ்வல்பமா, மெதுவா குடிக்கச் சொல்லுங்க."

அவர் பின்னாலேயே வந்த ஐயாவுக்கு விஷயம் தெரியும்; தலை குனிந்துகொண்டார். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வழியில் கொட்டியிருக்கலாம். கை வரவில்லை.

வீட்டில் மாமியார் பார்த்துவிட்டார். "நல்லதாப் போச்சு. நாளைக்குப் படையல்ல வெச்சுடு. அவனுக்குப் புடிச்சதாச்சே."

"அத்தே, அதுதானே அவரைக் கொன்னுது!"

"செத்தவனை இன்னொரு தடவை கொல்லுமாடி?"

உங்களில் யாருக்காவது இதற்குப் பதில் வந்தால், காலையில் இலை போடுவதற்குள் சொல்லுங்கள்.