சில்லு ஆறும்வரை

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைச் சந்தையடியில் மீன் பையோடு நிற்கிறேன். காலி வீதியில் ஒரு ஜீப் போகிறது. அதன் பின்னால் ட்ரெயிலரில் ஒரு குட்டிப் பாய்ப்படகு. பாய்மரத்தைப் படுக்கவைத்துக் கட்டி, நுனியில் சிவப்புத் துணி முடிந்திருந்தார்கள். ஒருவரும் மறிக்கவில்லை. ஒரு பொலிஸ்காரர் கைகாட்டி வழிகூட விட்டார். என் கை மட்டும் தன்பாட்டில் சட்டைப் பையைத் தடவியது, அடையாள அட்டை இருக்கிறதா என்று. இத்தனை வயதாகியும் கை திருந்தவில்லை.

ட்ரெயிலரின் இடது சில்லு கீச்சிட்டது. பெயரிங்கில் கிரீஸ் இல்லை. ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். மீன் பையோடு ஓடிவரும் கிழவனை யார் மதிப்பார்கள்?

நம்பினால் நம்புங்கள், எனக்கும் ஒரு படகு இருந்தது. யுத்த காலத்தில், கொழும்பில், ஒரு தமிழன் வீட்டு முற்றத்தில். கொள்ளுப்பிட்டியில் நான் கிளார்க்காக இருந்த கந்தோரின் வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பும்போது தன் பதினான்கு அடிப் படகை ட்ரெயிலரோடு விற்றார். எனக்கு நீந்தவும் தெரியாது. ஆனாலும் வாங்கினேன். பாதிக் காசு குணம் போட்டான்.

குணம் எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருந்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கட்டடங்களுக்குப் பிளான் கீறும் வேலையில் இருந்தான். ரசீது எழுதும்போது துரையின் பேனாவைத் தடுத்தவன் அவன்தான்.

"என்ர பேர் வேண்டாம் மச்சான். ஐசி அட்டையில யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு. பிறகு உனக்கும் கரைச்சல். உன்ர பேரில மட்டும் இருக்கட்டும்."

அப்படியே எழுதினோம்.

படகு வைத்திருப்பதென்றால் காற்று வாங்குவது என்று நினைக்காதீர்கள். ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு கிழமை உரஞ்ச வேண்டும். வார்னிஷ் வாசம் எங்கள் சோற்றிலும் ஏறியது. பாய் எப்போதும் உடுப்புக் கொடியில் காய்ந்ததால் அம்மாவின் சேலைகளுக்கு இடமில்லை. "கப்பலோட்டி மாப்பிள்ளைக்கு ஆரடா பொம்பிளை குடுக்கப்போகினம்? உதுக்கு ஒரு மாட்டைக் கட்டியிருந்தா பாலாவது குடிச்சிருக்கலாம்" என்பார்.

பாயும் கயிறும் குணத்தின் பொறுப்பு. சில்லும் பெயரிங்கும் என்னுடையவை. வீதியில் சில்லு இறுகி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்: இரண்டு தமிழர், ஒரு படகு, சுற்றிவர ஆமிக்காரரின் துவக்குகள். அதனால் என் கிரீஸ் டப்பாவை நான் சாமிப்படம் போலக் காத்தேன். கடலில் பாய் விரிக்க எங்களை யார் விடுவார்கள்? மொரட்டுவைப் பக்கம் பொல்கொட ஏரிக்கு, குணத்தின் சிநேகிதன் ஒருவனின் பழைய காரில் இழுத்துப் போவோம். போனவுடன் படகை இறக்கக் கூடாது. சூடான சில்லைத் தண்ணீரில் விட்டால் அது தண்ணீரை உள்ளே இழுத்துவிடும், பெயரிங் துருப்பிடிக்கும். அதனால் சில்லு ஆறும்வரை கரைக் கடையில் ஆளுக்கொரு பால் விடாத பிளேன்ரீ. என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்த நேரமென்று கேட்டால், அந்த அரை மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

சோதனைச் சாவடிகளில் முதலில் சிரித்தார்கள். ஒரு ஆமிக்காரன் படகில் ஏறி நின்று படமும் எடுத்துக்கொண்டான். பிறகு நகரத்தில் குண்டு வெடித்தது. சிரிப்பு நின்றது. நாங்களும் ஏரிக்குப் போவதை நிறுத்தினோம். ஆனால் சனிக்கிழமைப் பராமரிப்பை நிறுத்தவில்லை.

குணத்திடம் ஒரு பழக்கம் இருந்தது. எதைப் பார்த்தாலும் காகிதத்தில் கீறிவிடுவான். ஏரியையும் கீறி வைத்திருந்தான். எங்கே ஆழம், எங்கே சேறு, எங்கே காற்றுத் திரும்பும் என்று எல்லாம் அச்சுப் போன்ற தமிழ் எழுத்தில். அதைச் சுருட்டி ஆசனப் பலகைக்குக் கீழே செருகியிருந்தான். அதை எடுத்து எரித்துவிட எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. பிளான் கீறுபவனுக்கு அது பிளான். தேட வருபவனுக்கு அது என்னவாக இருக்கும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணி. நான் சில்லைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தேன், முழங்கைவரை கிரீஸ். குணம் பாயைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். தேடுதலுக்கு ஐந்து பேர் வந்தார்கள். வீட்டிலிருப்போர் பதிவைப் பார்த்தார்கள், எல்லாம் சரி. போகத் திரும்பியவர்களில் ஒருவன் படகின் ஆசனப் பலகையைத் தூக்கினான்.

ஏரிப் படத்தை விரித்து, துவக்கால் படகைத் தட்டிக் கேட்டான். "மே போட் எக்க காகெத?" இந்தப் படகு யாருடையது?

"ஏயாகே" என்றேன். அவருடையது. கிரீஸ் விரலால் குணத்தைக் காட்டினேன்.

குணம் என்னைப் பார்த்தான். என் கைகளையும் பார்த்தான்.

"ஒவ், மகே" என்றான். ஓம், என்னுடையது. இவர் சும்மா கிரீஸ் போட்டுத் தருபவர் என்றும் சிங்களத்திலேயே சேர்த்துச் சொன்னான். பிறகு அம்மாவிடம், "அன்ரி, பாய் காய்ஞ்சதும் மடிச்சு வையுங்கோ. நான் வந்திடுவன்."

அவன் வரவில்லை.

அவன் புகைப்படத்தோடு எத்தனையோ பொலிஸ், முகாம் வாசல்களில் நின்றேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். எல்லா இடத்துக்கும் போனேன், ரசீதை மட்டும் ஒருமுறையும் கொண்டுபோகவில்லை. கோழை என்று என்னை நானே சொல்லிக்கொள்வது இலகு, அதனால்தான் அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணப் பாதை திறந்தபோது அவன் தாய் வந்தார். முற்றத்தில் படகைத் தடவி, "இதுவோ தம்பி என்ர பிள்ளையின்ர கப்பல்?" என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"ஓம் அம்மா" என்றேன்.

"வித்துப்போடாதேங்கோ. வந்து கேப்பான்."

விற்கவில்லை. பல வருடம் சனிக்கிழமை தோறும், ஓடாத சில்லுக்குக் கிரீஸ் போட்டேன். பலகையைக் கறையான் தின்றது. அம்மா போனார், அந்தத் தாயும் போனார். வீட்டை இடித்து மாடி கட்டினார்கள். படகு நின்ற இடத்தில் இப்போது கீழ் வீட்டாரின் குசினி.

ஞாயிறு வீட்டுக்கு வந்து மீனைக்கூடக் கழுவாமல் அலுமாரியைத் திறந்தேன். ரசீதில் துரையின் நீலமை மங்கவில்லை, என் பெயர் முழுதாக இருக்கிறது.

"இந்தப் படகு என்னுடையது" என்று உரக்கச் சொன்னேன். சிங்களத்திலும் ஒருமுறை சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை.