நான்கு இலக்கங்களில் என் மகன்

அந்த அறையில் தரை ஓடுகள் நீளவாட்டில் பதினொன்று, அகலவாட்டில் எட்டு. சன்னலுக்கு ஒன்பது கம்பிகள். என்னை அங்கே உட்கார வைத்திருந்த ஒரு மணி நாற்பது நிமிடத்தில் எண்பத்தெட்டு ஓடுகளையும் ஏழு முறை எண்ணிவிட்டேன். கதவு திறந்துதான் இருந்தது. எழுந்து நடந்தால் நாற்பதடியில் சாலை. ஆனால் என் நோட்டு மேசை மேல் இருந்தது. என் மகனின் வேலை அந்த நோட்டில் மாட்டிக்கொண்டிருந்தது.

மகன் வேலை செய்யும் தொழிற்சாலையின் வாசலில் உள்ள பாதுகாப்பு அறை அது. கார் கதவுக்குப் பூட்டு செய்யும் இடம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஆயுத பூஜையன்று பல கம்பெனிகளில் வீட்டாரை உள்ளே விடுவார்கள். மருமகள் பண்டிகைக்குச் செவ்வாப்பேட்டையில் உள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அதனால் நான் மட்டும் போனேன். பதினோரு வருடம் ஒப்பந்தத்தில் இருந்தவனை அந்த ஜூலையில்தான் கம்பெனி நேரடி ஆளாக எடுத்திருந்தது. ஆறு மாதத் தகுதிகாண் காலம். அதில் பாதி மிச்சம். கோப்பில் ஒரு கரும்புள்ளி விழுந்தால் ஜனவரியில் உறுதி ஆணை வராது. நாற்பத்திரண்டு வயதில் மறுபடி ஒப்பந்தக்காரன் வேனுக்குக் காத்து நிற்க வேண்டும்.

நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ரயில்வேயில் முப்பத்து நான்கு வருடம் யார்டு குமாஸ்தா. சரக்கு ரயில் வந்து நின்றதும் ஓரமாக நடந்து ஒவ்வொரு வேகனின் எண்ணையும் எழுதுவது வேலை. ஓய்வுக்குப் பிறகு உளவு வரலாற்றுப் புத்தகங்கள் பிடித்துப்போயின. முதல் உலகப் போரில் பெல்ஜியத்தில் ரயில் பாதையோரம் குடியிருந்தவர்கள் சன்னல் வழியாகப் போர் ரயில்களை எண்ணிச் செய்தி அனுப்பினார்கள் என்று படித்தபோது, என் உத்தியோகத்தை வேறொரு நாட்டில் செய்திருந்தால் சுட்டிருப்பார்கள் என்று புரிந்தது. பிறகு சங்கேதப் புதிர் போடும் ஒரு வாட்ஸாப் குழுவில் சேர்ந்தேன். உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர். சனிக்கிழமைதோறும் ஒரு புதிர். நான்கு வருடத்தில் நூற்று அறுபத்து மூன்று அவிழ்த்திருக்கிறேன். எனக்கென்று ஒரு சங்கேதமும் வைத்திருந்தேன். ஓர் எழுத்துக்கு நான்கு இலக்கம். முதல் இரண்டு மெய்யின் வரிசை எண், அடுத்த இரண்டு உயிரின் வரிசை எண். ஏதாவது ஒன்று இல்லையென்றால் அந்த இடத்தில் இரண்டு பூஜ்யம். பெரிய பூட்டில்லை. மேசையை ஒழுங்கு செய்யும் மருமகள் போகிற போக்கில் படித்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வாசலில் எல்லோருடைய கைப்பேசிக் கேமராவிலும் சிவப்பு ஒட்டு ஒட்டினார்கள். சட்டைப்பையில் இருந்த நோட்டை யாரும் பார்க்கவில்லை. உள்ளே இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். வந்தவர்களுக்காக ஒரே ஓர் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். ஓட்டியவன் என் மகன். நான் மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தேன். ஏழாவது வரியை எழுதும்போது காவலாளி வந்தார்.

"இன்னா பெருசு, மிஷினாண்ட நின்னுகினு இன்னா எழுதினுகீற?"

"ஒண்ணுமில்ல, சும்மா."

"சும்மாவா? டைமு போட்டு நம்பர் போட்டு எழுதிகீற. வா, ஆபீசரு கையில சும்மான்னு சொல்லு."

பாதுகாப்பு அதிகாரி ராணுவத்தில் இருந்து வந்தவர். மரியாதையாகவே பேசினார். அந்த மரியாதை எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இது என்னங்க ஐயா?"

"சாமி பேரு சார். எண்ணுல எழுதற பழக்கம்."

"எந்த சாமி?"

"முருகன்."

அவர் பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். "சாமி பேருன்னா ஒரே நம்பர்தான திரும்பத் திரும்ப வரணும்? இங்க ஆரம்பம் மட்டும் ஒண்ணு, அப்புறம் ஒரு வரி மாதிரி இன்னொரு வரி இல்லையே. வரிக்கு வரி வேற முருகனா?"

காவலாளி வாயைப் பொத்திக்கொண்டார். எந்தப் புதிரிலும் நான் முதலில் செய்யும் சோதனை அது: எது திரும்ப வருகிறது என்று பார்ப்பது. நூற்று அறுபத்து மூன்று புதிர் அவிழ்த்தவன் அதை மறந்து பொய் சொன்னேன். பொய் சொன்ன பிறகு நோட்டின் மேல் சந்தேகம் இரண்டு மடங்கானது.

"மிஷின் ஒரு பீஸுக்கு எத்தனை நிமிஷம் எடுக்குதுன்னு வெளியில போனா, எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்ல. உங்க பையன் பேர்ல ரிப்போர்ட் எழுதணும்" என்றார் அதிகாரி.

மகனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நெற்றியில் குங்குமத்தோடு வந்தவன் என்னைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான்.

"இன்னா நைனா இது? வந்த எடத்துல பேஜாரு பண்ணிட்டியே. எதுனா எழுதணும்னா ஊட்ல எழுதக் கூடாதா?"

வேறு வழி இருக்கவில்லை. கட்டத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: குறுக்கே பன்னிரண்டு உயிர், கீழே பதினெட்டு மெய். நானே படித்துச் சொல்கிறேன் என்றேன். அதிகாரி தலையாட்டவில்லை. "நீங்க ஏற்கெனவே ஒரு முருகனைச் சொல்லிட்டீங்க" என்று தாளையும் நோட்டையும் மகன் பக்கம் தள்ளினார்.

மகன் விரலை வைத்துத் தேடினான். "பூஜ்யம் மூணு, பூஜ்யம் மூணு..."

காவலாளி மேசையில் குனிந்து விரல்விட்டு எண்ணினார். "க, ங, ச. மூணாவது ச. அ, ஆ, இ. சி! சி வந்துகினு கீது சார்!"

"நீ சும்மா இரு" என்றார் அதிகாரி.

"பன்னெண்டு, பூஜ்யம் மூணு. ரி." மகன் எழுதினான். அடுத்ததைக் கண்டுபிடித்தபோது அவன் குரல் இறங்கிவிட்டது. பிறகு ஓரத்தில் போட்டிருந்த மணியை விட்டுவிட்டுச் சேர்த்துப் படித்தான். "சிரிப்பு ஒன்று. பொரி கொடுத்தவனோடு."

அடுத்த வரி: "சிரிப்பு இரண்டு. தலையில் யாரோ குங்குமம் கொட்டினார்கள்." அப்படியே ஏழு வரி. கடைசியில் "சிரிப்பு ஏழு. குனிந்து சிரித்தான்" என்று இருந்தது.

அதிகாரி முந்தைய பக்கத்தைத் திருப்பி, ஒற்றை வரியாக இருந்த ஒன்றைக் காட்டினார். எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. மகன் அதை முதலில் மனதுக்குள் முடித்தான். பிறகு, படித்தே ஆகவேண்டும் என்பதால் படித்தான்: "வீட்டில், புரட்டாசி மாதம், சிரிப்பு ஒன்று."

அதிகாரி நோட்டை மூடினார். இயந்திரம் பற்றி அதில் ஏதுமில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் காவலாளி அதற்குள் பதிவேட்டில் சம்பவம் என்று எழுதிவிட்டிருந்தார். பதிவேட்டில் ஏறியதற்கு விளக்கம் வேண்டும். இல்லையென்றால் மேலே கேட்பார்கள். நோட்டில் உள்ளது என்ன என்பதைச் சாதாரணத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்தத் தாள் மகனின் கோப்பில் சேரும்.

எழுதினேன். "என் மகன் வேலை செய்யும் இடத்தில் எத்தனை முறை சிரிக்கிறான் என்று எண்ணினேன். வீட்டில் எத்தனை முறை என்பதையும் எண்ணி வருகிறேன். வேறு நோக்கம் இல்லை." இருபது சொற்கள்கூடத் தேறவில்லை. நான்கு வருடம் மருமகளுக்குக்கூடத் தெரியாமல் காத்ததை ஒரு கம்பெனிக் கோப்புக்குக் கொடுத்தேன். அதிகாரி இரண்டு முறை படித்தார். "நோட்டு இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

வீடு வரை மகனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் போனது. வேகன்களை எண்ணக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தத்தை வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். மகன் திரும்பாமலே பேசினான்.

"ஏழு இல்ல நைனா, ஒம்போது. மிஷின் ஓட்றதுக்கு முன்ன கேன்டீன்ல ரெண்டு. அப்ப நீ தண்ணி குடிக்கப் போயிருந்த."

"அப்படியா?"

"ஊட்லயும் சிரிக்கிறன். நீ இருக்கறப்ப இல்ல. நீ பாத்துகினே இருப்ப, எப்படி சிரிக்கறது?"

கேட் திறந்தது. அவன் வண்டியைக் கிளப்பினான்.

ஜனவரியில் உறுதி ஆணை வந்தது. கூடத்தில் நின்று மனைவிக்குப் படித்துக் காட்டிச் சிரித்தான். நடுவில் ஒருமுறை என் பக்கம் பார்த்தான். நான் உடனே செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். தாளுக்கு அப்பால் சிரிப்பு தொடர்ந்தது. எனக்காகத் தொடர்கிறானா, நான் பார்க்கவில்லை என்பதால் தொடர்கிறானா என்று தெரியாமல், அது நிற்கும்வரை தாளை இறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கை வலித்தது.