தொட்டியில் நனைத்த டிஸ்க்குகள்

எங்கள் பட்டாசு ஆலையின் ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துவிட்டு முதலாளி அண்ணாச்சி புதிது வாங்கினார். பழையவை காயலான் கடைக்குப் போகும் முன் ஹார்டு டிஸ்க்குகளைக் கழற்றி அழிக்கச் சொன்னார். லேபிள் டிசைன்கள் எல்லாம் அவற்றில் இருந்தன. ஒரு லேபிள் வெளியே கசிந்தால் தீபாவளிக்குள் அடுத்த கம்பெனியின் பெட்டியில் வந்துவிடும்.

நான் அங்கே கணக்கப்பிள்ளை. டிஸ்க்குகளைக் கழற்றி அண்ணாச்சி முன்னால் மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது பெட்டி ஒட்டும் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். முந்தைய சீசனில், கம்பி மத்தாப்பு லேபிளுக்காக அவளுடைய சின்ன மகளை அண்ணாச்சியே புது டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்திருந்தார். லேபிள் அச்சுக்குப் போகும் முன் பிள்ளை மஞ்சள்காமாலையில் இறந்துபோனது. ராசியில்லை என்று அவர் அந்த லேபிளை நிறுத்திவிட்டார். அந்தப் படம் இந்த டிஸ்க்குகளில் ஏதோ ஒன்றில் இருந்தது. பிள்ளைக்கு வேறு படமே கிடையாது.

“அண்ணாச்சி, அழிக்கிறதுக்கு முன்னால ஒரு காப்பி எடுத்துத் தாங்க. சின்னதா இருந்தாலும் போதும்.”

“எதுக்கு? செத்த பிள்ளைய வச்சு மத்தாப்பு விக்கப் பாத்தேன்னு ஊரு பேசவா? போ ஆத்தா, பசை காயுது.”

“ஒரு பிரிண்டுதானே” என்றேன்.

“ஏன், உங்க வீட்டுப் பிள்ளையா?”

உடைக்கலாம் என்றால் ஆலைக்குள் இரும்பை இரும்பால் அடிக்கக் கூடாது, பொறி பறக்கும். அண்ணாச்சி கழிவு வெடிமருந்தை நனைத்து வைக்கும் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார்.

“ஒரு ராத்திரி ஊறட்டும். தண்ணியில செத்தது எந்திரிக்காது. சாயங்காலம் கழிவு வாளியும் தூக்குறவதானே நீ, நீயே போடு.”

அவள் ஒவ்வொன்றாகப் போட்டாள். எதில் மகள் இருக்கிறாள் என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அவற்றை எண்ணி எடுத்துக் காயலான் கடைக்காரரிடம் கொடுத்தேன்.

அடுத்த சீசனில் போட்டிக் கம்பெனியின் மத்தாப்புப் பெட்டியில் அந்தப் பிள்ளை சிரித்தது. காயலான் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

“வெயில்ல காய வச்சு மதுரைக்கு ரிப்பேருக்கு அனுப்புனேன். அடியில இருக்குற சர்க்யூட் பலகைய மாத்தவும் ஒண்ணு ஓடிருச்சு. படம் நல்லாருக்குன்னு அந்தக் கம்பெனிக்காரவுக கேட்டாக, குடுத்தேன்.”

அதை அப்படியே அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“தண்ணியில ஊறுனது ஓடுமா? மருந்துலயே பொறந்து வளந்தவன்கிட்ட வந்து சொல்றீகளே. அவதான் ஒண்ண ஒளிச்சு வச்சு வித்துருக்கா.”

“எண்ணித்தான் எடுத்தேன், அண்ணாச்சி.”

“அப்ப உங்களுக்குப் பங்கு எம்புட்டு?”

அவளை வரவழைத்துப் பெட்டியை மேஜையில் எறிந்தார். “யாருகிட்ட வித்தே?”

அவள் அதை இரண்டு கையாலும் எடுத்தாள். “பல்லு விழுந்திருக்கு பாருங்க” என்றாள். “அந்த வாரந்தான் விழுந்துச்சு.”

“நாளையிலருந்து வராத. எந்தக் கம்பெனியும் உன்னச் சேக்காது, நான் பாத்துக்கிடுறேன். பெட்டிய வச்சிட்டுப் போ, கேசுக்கு வேணும்.”

அவள் வைக்கவில்லை. அண்ணாச்சியே அவள் விரல்களைப் பிரித்துப் பிடுங்கினார்.

ஆபீஸ் படி இறங்கும்போது அவள் என் பக்கம் திரும்பினாள்.

“இது எந்தக் கடையில விக்கிறாக, கணக்கய்யா?”

“பஜார்ல எல்லாக் கடையிலயும் இருக்கும்மா” என்றேன்.