வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம்

நான் விமானம் ஏறப்போகிற செய்தியை எங்கள் ஊரில் ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்தவர் என் அப்பா. சொல்லாமல் விட்டது ஒரே ஒரு ஆளிடம். அது என் அம்மா. பால் சொசைட்டி வரிசையில் யாரோ விசாரிக்கப் போய்த்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. கேனை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கிறிஸ்தவ நர்சிங் கல்லூரியில் நான் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து மாணவர் குழு ஒன்றை மிஷன் பயணமாக வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அந்த முறை இலங்கை, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் மருத்துவ முகாம், பிள்ளைகளுக்குச் சுகாதார நாடகம், ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு சின்ன சபையில் ஆராதனை. குழுவில் மாரியம்மன் கும்பிடுகிற வீட்டுப் பெண் நான் ஒருத்திதான். எங்களை அழைத்துப்போகும் ஆசிரியையை மேடம் என்போம். அவர், "ஜெபம் பண்றப்ப நீ சும்மா நின்னா போதும்மா, கை கழுவறத மட்டும் ஒழுங்கா சொல்லிக் குடு" என்று சேர்த்துக்கொண்டார்.

"இன்னாடி, கடல் தாண்டிப் போறியாமே?" என்றாள் அம்மா.

"பத்து நாளு தாம்மா."

"அங்க சண்டைன்றாங்க."

"அது முடிஞ்சி எவ்ளோ வருசமாச்சி!"

"ஒன்ன மதம் மாத்தி வேதத்துல சேத்துக்கினா?"

"இத்தினி வருசமா அங்கதான சோறு துன்னுக்கினு கீறேன், சேந்துட்டனா?"

பதில் கிடைக்காதபோது அம்மா மாட்டைத் திட்டுவாள். அன்றைக்கும் பாவம், ஒன்றும் செய்யாமல் அசைபோட்டுக்கொண்டிருந்த மாடு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது.

பயணத் தேதி வந்தபோதுதான் நிஜமான சிக்கல் வந்தது. ஆடி மாதம். எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிற வாரம். காப்புக் கட்டுகிற நேரத்தில் யார் ஊருக்குள் இருக்கிறார்களோ அவர்கள் திருவிழா முடியும்வரை ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கக் கூடாது. நேர்த்திக்கடனுக்காகத் தன் கையிலேயே காப்புக் கட்டிக்கொண்டவர்களுக்கு இன்னும் கடுமை. அவர்கள் ஊர் எல்லையைத் தாண்டவே கூடாது. எனக்கு விமானம் காப்புக் கட்டிய மூன்றாம் நாள்.

"பாத்தியா, ஆத்தாவுக்கே இஷ்டமில்ல" என்றாள் அம்மா.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "ஆத்தா இன்னா ஏர்போர்ட்லயா வேல பாக்குறா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா பதறித் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு என் பங்குக்கும் சேர்த்து இன்னொரு முறை போட்டுக்கொண்டாள்.

வழி கண்டுபிடித்தவர் அப்பா. காப்புக் கட்டும்போது ஊரில் இல்லாதவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எங்கள் கடைசிப் பயிற்சி முகாம் கல்வராயன்மலையில், காப்புக் கட்டும் நாளிலேயே இருந்தது. அங்கிருந்து வேன் நேராகச் சென்னைக்குப் போய்விடும். "காலையிலயே கிளம்பி மலைக்குப் பூட்டா யாரு இன்னா சொல்லப் போறாங்க?" என்று அப்பா ஏதோ கேஸ் ஜெயித்த மாதிரி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அம்மா கத்தினால் பயமில்லை, வாயை மூடிக்கொண்டால்தான் பயம். கடலும் விமானமும் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அம்மாவின் மனசில்லாமல் போகிறோமே என்பதுதான் உறுத்தியது.

பெட்டியின் எடை கூடக் கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். அப்பா அதை வண்டியில் வைத்துக் கச்சிராயபாளையத்தில் ஒரு மல்லாட்டை மண்டிக்குக் கொண்டுபோய், வேர்க்கடலை மூட்டை போடுகிற தராசில் வைத்துப் பார்த்தார். "பெட்டி மட்டும் போதுமா, பொண்ணையும் ஏத்திப் பாத்துடலாமா?" என்று மண்டிக்காரர் கேட்டாராம். எடை கம்மியாகத்தான் இருந்தது. இருக்காதா பின்னே? கூட வருகிற பெண்களின் அம்மாக்கள் ஊறுகாய், பருப்புப்பொடி, முறுக்கு என்று திணித்திருந்தார்கள். என் அம்மா ஒரு பொட்டலம்கூடக் கட்டவில்லை.

கிளம்புகிற காலையில் அவள் விடிவதற்குள் தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு வாசல் கழுவிக்கொண்டிருந்தாள். திருவிழா வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

"போய்ட்டு வரேம்மா."

"பஸ்சுக்கு நேரமாவுது பாரு" என்றாள். அவ்வளவுதான்.

வெள்ளிமலையைத் தாண்டி, சாமை விதைத்த சரிவுகளுக்கு நடுவில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் எங்கள் முகாம். தேயிலைத் தோட்டத்தில் போடவேண்டிய நாடகத்தை அங்கே போட்டுப் பார்த்தோம். அதில் நான்தான் கிருமி. கறுப்புத் துணி போர்த்தி, அட்டையில் கொம்பு வைத்து, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ண வேண்டும். சோப்பு வந்ததும் செத்து விழ வேண்டும். நான் கொஞ்சம் நன்றாகவே நடித்துவிட்டேன் போல. கொம்பைக் கழற்றிவிட்டு ரத்த அழுத்தம் பார்க்க உட்கார்ந்தபோது, என் வரிசையில் ஒரு பிள்ளையும் நிற்க மாட்டேன் என்று அம்மாக்களின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தது. மேடம் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்தபோது எல்லோரும் வட்டமாக நின்று அவரவர் வீட்டாருக்காக ஜெபித்தார்கள். இந்நேரம் ஊரில் பம்பை அடித்துக் காப்புக் கட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் கண்ணை மூடினேன். மஞ்சள் பூசிய மாரியாத்தா முகம்தான் வந்தது. கர்த்தர் கோபித்துக்கொள்வாரா என்று மேடத்திடம் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

மறுநாள் மத்தியானம் வேன் மலை இறங்கியது. கோமுகி அணை கண்ணில் பட்டதும் எல்லோர் போனுக்கும் உயிர் வந்தது. முதலில் அடித்தது என்னுடையதுதான்.

"நம்ம வாய்க்கா பாலத்துகிட்ட வண்டிய நிறுத்தச் சொல்லு" என்றார் அப்பா.

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்புகிற இடத்தில் அந்தப் பாலம். ரோடு இந்தப் பக்கம், ஊர் அந்தப் பக்கம். அந்தக் கோடியில் இருக்கிற எல்லைக்கல்லுக்கு மஞ்சள் பூசி வேப்பிலை செருகியிருந்தார்கள். கல்லுக்கு உள்ளே, மஞ்சள் சேலையில் அம்மா நின்றிருந்தாள். பக்கத்தில் அப்பா. நான் வேனிலிருந்து குதித்து ஓடினேன்.

"அங்கியே நில்லு! உள்ள கால வெச்சிடாத!" என்று அப்பா கத்தினார். பகலில் வந்துபோனால் தப்பில்லை என்பார்கள் சிலர், கால் வைத்தாலே மாட்டிக்கொண்டாய் என்பார்கள் சிலர். அவருக்கு எந்த வம்பும் வேண்டாம்.

கல்லுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அம்மா. கைநீட்டினால் தொடலாம். அவள் நீட்டிய இடது கையில் புது மஞ்சள் கயிறு, அதில் முடிந்த மஞ்சள் துண்டு.

"இன்னாம்மா இது?"

"தீச்சட்டி எடுக்கறேன்."

அம்மா ஒருநாளும் எடுத்ததில்லை. அடுப்புத் தணல் தெறித்தாலே எட்டிக் குதிப்பவள்.

"எதுக்கும்மா?"

"எதுக்காமே!" என்று அவள் அப்பாவைப் பார்த்தாள். "கேக்குறா பாரு."

"அப்ப எனக்கும் ஒண்ணு கட்டி வுடும்மா" என்று கையை நீட்டினேன்.

அம்மா சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டாள். "ஒனக்கு எதுக்கு? கட்டினா எல்லைய தாண்ட முடியாது. நீ தாண்டணும். ஒனக்கும் சேத்துதான் நான் கட்டிக்கினு இங்க கெடக்கறேன்ல."

நான் அழுதேன். பாலத்தின் மேல், வேன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். அம்மா அழவில்லை. மல்லாட்டை உருண்டை நிரப்பிய ஒரு பாத்திரத்தைக் கல்லுக்கு மேலாக என்னிடம் கொடுத்தாள்.

"எடை ஜாஸ்தியாயிடப் போவுது" என்றார் அப்பா.

"மடில வெச்சிக்கட்டும்" என்றாள் அம்மா.

மேடம் இறங்கி வந்து கும்பிட்டார். அம்மா அவரிடம், "இது தூக்கத்துல போர்வைய ஒதைச்சி தள்ளும். அங்க குளிராமே, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றாள். தினமும் உங்கள் மகளுக்காக ஜெபிக்கிறேன் என்றார் மேடம். "பண்ணுங்கம்மா. கூட ஒரு சாமி பாத்துக்கினா ஜாஸ்தியா பூடும்?" என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "போய்ட்டு வா" என்றாள். வேன் திரும்பும்வரை அந்த மஞ்சள் சேலை கல்லை ஒட்டியே நின்றது.

சென்னைக்குப் போன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை கொழும்புக்குப் போக. உருண்டை ஒன்றை மென்று முடிப்பதற்குள் கடல் முடிந்துவிட்டது போலிருந்தது. இதற்கா இத்தனை கூத்து என்று நினைத்துக்கொண்டு, உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து மறுபடி மலை, மறுபடி வளைவு, மறுபடி வாந்தி. வழியெல்லாம் பச்சை.

தோட்டத்தில் எங்கள் முகாமுக்கு முதலில் வந்தவர் கொழுந்து பறிக்கிற ஒரு பெண். என் அம்மா வயசுதான் இருக்கும். கூடையை இறக்கி வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்தார்.

"இவ்வளவு தூரம் அம்மா எப்படி விட்டாங்க?"

"காப்பு கட்டியிருக்காங்க" என்றேன். வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவர் புரிந்துகொண்டு தலையை ஆட்டினார். அவர்களுக்கும் அங்கே மாரியம்மன் கோயில் இருந்தது.

"அப்ப நீங்க பயப்படத் தேவையில்ல" என்று சொல்லி இடது கையை நீட்டினார். நான் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை எடுத்து அந்தக் கையில் சுற்றிக் கட்டினேன்.