அரைமணிக்கு ஒரு நகல்

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளை ரோலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் சுருக்கமில்லாமல் சுடச்சுடத் தள்ளும் பெரிய உருளை இயந்திரம் ஒன்று அங்கே உண்டு. பத்தொன்பது வருடமாக அதன் வாயில் துணி கொடுப்பவள் அவள்தான். விரிப்பு உள்ளே போவதற்கு முந்தைய இரண்டு நொடியில், போகாமல் நின்ற கறையோ பிரிந்த தையலோ அவள் கண்ணில் பட்டுவிடும். வெடுக்கென்று இழுத்து ஓரமாகப் போடுவாள். அவள் வேலையைக் குறை சொல்ல ஆள் கிடையாது. வாயைத்தான் குறை சொல்வார்கள். கோபம் வந்தால் எதிரே நிற்பது யாரென்று பார்க்க மாட்டாள்.

அந்த வருடம் அவளுக்குக் கோபம் வரக் காரணம் இருந்தது.

முன்பெல்லாம் யாருக்குக் காலை ஷிப்டு, யாருக்கு மாலை ஷிப்டு என்று ஒரு தாளில் எழுதி வாசல் கதவில் ஒட்டுவார்கள். புது மேற்பார்வையாளர் வந்ததும் தாள் போயிற்று. ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் பட்டியல் இருக்கும், அவரவர் ஃபோனில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஷிப்டுக்கு இரண்டு மணிக்குப் போய் நின்றவளிடம் ஒரு மெமோவை நீட்டினார். அன்று அவளுக்குக் காலை ஷிப்டாம், சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்துவிட்டாளாம். ஃபோனை எடுத்துப் பார்த்தாள். அவள் பெயருக்கு நேரே ‘காலை’ என்றுதான் இருந்தது. முந்தைய நாள் ‘மாலை’ என்று பார்த்தது நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனாலும் கண்ணாடி மாற்றிய புதிது. தன் கண்ணையே சந்தேகப்பட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த மாதமும் அதே கதை. இந்த முறை உஷாராக, முந்தைய இரவு எட்டு மணிக்கே பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தாள். அதைக் கொண்டுபோய்க் காட்டினாள். மேற்பார்வையாளர் அசரவில்லை. ஒன்பது மணிக்கு மாற்றினேன், படுக்கப் போகுமுன் இன்னொரு தரம் பார்த்திருக்க வேண்டும் என்றார். மூன்றாவது முறை படுக்கப் போகுமுன்னும் படம் எடுத்தாள். காலை ஐந்து மணிக்கு மாற்றினேன் என்றார். நான்காவது மெமோ வந்தால் விசாரணை, அதன் பிறகு உருளையிலிருந்து இறக்கி அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்கு அனுப்பிவிடுவோம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்ததில் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. மேற்பார்வையாளரின் மச்சினன் ஒருவன் அதே கூடத்தில் வேலை செய்தான். நினைத்தால் வருவான், நினைத்தால் மட்டம் போடுவான். அவளுக்கு மெமோ வந்த மூன்று நாளும் காலையில் அவன் வரவில்லை. அவன் வராமல் போன இடத்தில் அவள் பெயரைத் தூக்கிப் போட்டு, வராதவள் அவள்தான் என்று ஆக்கியிருக்கிறார்கள். ஷிப்டு ஆறு மணிக்குத் தொடங்கிய பிறகே அதைச் செய்திருக்க முடியும். அதை நிரூபிக்க, அந்தப் பக்கத்தை ராத்திரி பகல் என்று பார்க்காமல் யாராவது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்க வேண்டும்.

வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள்தான் ஃபோனில் வழி சொன்னாள். சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் இருந்தால் போதும், வீட்டுக் கம்ப்யூட்டரே அரைமணிக்கு ஒருமுறை பக்கத்தை நகல் எடுத்து, நேரத்தோடு சேமித்து வைத்துவிடும் என்றாள். தனக்கு அது எழுதத் தெரியாது என்றாள். “அத்தைகிட்ட கேளும்மா.”

அங்கேதான் சிக்கல். மகளுக்கு அத்தை என்றால் இவளுக்கு நாத்தனார். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு, வேலை முடிந்து நேராக அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, இவள் உட்காருமுன் நாத்தனார் ஓடிவந்து சோபாவின்மேல் ஒரு பழைய துணியை விரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறீர்களே அண்ணி என்று சிரிப்பு வேறு. ஊரிலேயே சுத்தமான துணியைத் தன் கையால் அனுப்புகிறவள் இவள். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்துவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் ரோலர் அக்காவின் கணவர் யாரையும் நோகடிக்காத ஆள். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் இரண்டு வருடமாகத் தபால்காரர் வேலை பார்த்துப் பழகியவர். அவர் போய்ச் சொன்னதும் மறுநாளே ஸ்கிரிப்ட் மெயிலில் வந்துவிட்டது. செய்ய வேண்டியதை ஆறு படிகளாக எழுதி நாத்தனார் தனியே ஃபோனில் செய்தி அனுப்பியிருந்தாள். கணவர் அதை அப்படியே மெயிலுக்குத் திருப்பிவிட்டார். கடைசிப் படி இது: ‘கட்டளையை டைப் பண்ண வேண்டாம், எழுத்து விட்டுப்போகும். அப்படியே காப்பி பண்ணி ஒட்டி என்டர் தட்டச் சொல்லுங்க. ரொம்ப சிம்பிள்.’

சிம்பிள் என்ற சொல்லைப் படித்ததுமே அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

சனிக்கிழமை காலை ஷிப்டு முடிந்து வந்து, நான்கு மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். கட்டளை கொடுக்கும் கருப்புத் திரையைத் திறந்தாள், கட்டளையை ஒட்டினாள், என்டரைத் தட்டினாள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது கம்ப்யூட்டர். திரும்பத் தட்டினாள். இல்லை. ஆறு படிகளையும் முதலிலிருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தாள். ஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருளை நிறுவும்போது கீழே ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட வேண்டும் என்று மூன்றாவது படியில் இருந்தது. அதை நிறுவியது கணவர். டிக் போட்டீர்களா என்று கேட்டாள். கட்டம் எதையும் பார்த்த ஞாபகம் இல்லை, அடுத்து அடுத்து என்று அமுக்கிக்கொண்டே போனேன் என்றார். அவரை என்ன சொன்னாளோ, மனிதர் வேனைத் துடைக்கப் போகிறேன் என்று துணியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதை நீக்கிவிட்டு, டிக் போட்டு மறுபடி நிறுவினாள். மறுபடி ஒட்டினாள். இப்போது வேறு பாட்டு. கோப்பைத் திறக்க முடியவில்லையாம். கோப்பு கண்ணெதிரே இருந்தது. கணவர் ‘டியூட்டி சார்ட்’ என்று பெயர் வைத்த ஃபோல்டரில் அதைப் போட்டிருந்தார். பெயருக்கு நடுவே இடைவெளி இருப்பதால் அதை மேற்கோள் குறிக்குள் போட்டே நாத்தனார் கட்டளையை எழுதியிருந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஓடத்தான் இல்லை. இருபது தரம் ஒட்டியிருப்பாள். வேனைத் துடைத்துவிட்டு வந்த கணவர், இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா, பேசாமல் விட்டுவிடேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, இரண்டு வருடத்துக்குப் பிறகு, அவளே நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. ஓடவில்லை என்றாள். நாத்தனார் திரையில் உள்ளதைப் படிக்கச் சொன்னாள். படித்தாள். கோப்பு அந்த இடத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றாள். எங்கள் ஆபீசில் நூறு தரம் ஓட்டிய ஸ்கிரிப்ட் அது, ஓடாமல் இருக்க வாய்ப்பே இல்லை என்றாள் நாத்தனார்.

“நீங்க எங்கேயோ தப்பு பண்றீங்க அண்ணி. டைப் பண்ணாதீங்கன்னு சொன்னேனே, டைப் பண்ணினீங்களா?”

“நீ சொன்ன மாதிரி ஒட்டத்தான் செஞ்சேன். இருபது தரம்.”

“அப்ப ஒட்டறதுலதான் ஏதோ தப்பு. அண்ணனைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்களேன்.”

“ஏன்? நான் தொட்டா கம்ப்யூட்டர்ல அழுக்கு ஒட்டிக்குமா?” என்றாள் ரோலர் அக்கா. “அதுமேலயும் ஒரு பழைய துணியை விரிச்சுட்டு உட்காரட்டுமா?”

அதையா இன்னும் மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று நாத்தனார் மெல்லக் கேட்டாள். அப்போது கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லை, பயத்தில் செய்தது என்றாள். பயமென்றால் வாசலிலேயே சொல்லியிருக்கலாம், கை கால் கழுவிக்கொண்டு வந்திருப்பேன், சிரித்துக்கொண்டே துணி விரிப்பானேன் என்று இவள் கேட்டாள். அழுதுவிடக் கூடாது என்று திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திரையில் ஏதோ உறுத்தியது.

கட்டளையில் இருந்த மேற்கோள் குறிகள் வளைந்திருந்தன. தொடக்கக் குறி ஒரு பக்கம், முடிவுக் குறி மறுபக்கம் என்று வால் முளைத்து நின்றன. கையைக் கீபோர்டுக்குக் கொண்டுபோய் அதே குறியை ஒருமுறை தட்டினாள். நேராக, குச்சி மாதிரி விழுந்தது.

“நீ அனுப்பினதுல மேற்கோள் குறி வளைஞ்சிருக்கு. இங்க தட்டினா நேரா வருது.”

ரோலர் அக்கா ஒட்டியதை அழித்துவிட்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் கட்டளை முழுவதையும் தானே டைப் செய்தாள். என்டரைத் தட்டினாள். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கருப்புத் திரையில் ஒரு வரி வந்தது: நேரம், பக்கத்தின் பெயர், சேமித்தாயிற்று என்ற செய்தி. ஃபோல்டரைத் திறந்தால் முதல் நகல் உட்கார்ந்திருந்தது.

“ஓடுது” என்றாள்.

“ஃபோன்ல டைப் பண்ணினேன், அதுவா குறியை வளைச்சிருக்கு. கட்டளைல நேர்க்குறி இருந்தாத்தான் கம்ப்யூட்டருக்குப் புரியும். நான் கவனிக்காம அனுப்பிட்டேன். என் தப்புதான் அண்ணி.”

“இந்தத் தப்பை ஒத்துக்கிட்ட. அந்தத் தப்பு அப்படியே இருக்கு” என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.

ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியது. மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. பாவம், இரண்டு நாளாகச் சூடாக இருக்கிறதே என்று கணவர் அணைத்துவிட்டாராம். அன்று அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது பக்கத்து வீடுகளுக்கும் கேட்டது. மறுபடி ஓட்டிவிட்டு, ‘தொட்டால் தெரியும்’ என்று தாளில் எழுதி ஸ்விட்சின்மேல் ஒட்டினாள்.

பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை. அவளுக்கு மாலை ஷிப்டு. தலை வாரிக்கொண்டே ஒரு எட்டு வந்து ஃபோல்டரைப் பார்த்தாள். ஆறு மணி நகலில் மாலை. எட்டு மணி நகலில் மாலை. ஒன்பதரையிலும் மாலை. பத்து மணி நகலைத் திறந்தாள். அவள் பெயருக்கு நேரே ‘காலை’ என்று இருந்தது. ஆறு மணிக்குத் தொடங்கிய ஷிப்டுக்குப் பத்து மணிக்கு அவளைப் போட்டிருந்தார்கள். சீப்பு தலையிலேயே நிற்க, கையும் களவுமாக மாட்டினாயடா என்று சத்தமாகச் சொன்னாள். வீட்டில் யாருமில்லை.

போகும் வழியில் கடையில் எல்லா நகலையும் அச்செடுத்துக்கொண்டாள். இரண்டு மணிக்கு மேற்பார்வையாளர் நான்காவது மெமோவை நீட்டினார். ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். அவள் வாய் திறக்காததைப் பார்த்து உடன் வேலை செய்தவர்களுக்குத்தான் பயம் வந்தது.

மறுநாள் காலை நிர்வாக அதிகாரியின் மேஜைமேல் தாள்களை வரிசையாகப் பரப்பினாள். அதிகாரி மேற்பார்வையாளரை வரவழைத்தார். அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்றார்.

“அப்ப உங்க கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்க சார்” என்று அவள் அதிகாரியிடம் சொன்னாள். “நான் கொண்டுவந்தது பொய்யா இருந்தா இங்கேயே ராஜினாமா எழுதித் தர்றேன்.”

அதிகாரிக்கு வேறு வழியில்லை. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குச் சொல்லி அனுப்பினார். இருபது நிமிடம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தப் பிரிவிலிருந்து வந்த பெண் ஒற்றைத் தாளைக் கொண்டுவந்து வைத்தாள். நேற்றைய மாற்றம் ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு. அதோடு, கேட்காமலே முந்தைய மூன்று மெமோ நாட்களையும் எடுத்திருந்தாள். நான்கு மாற்றமும் மேற்பார்வையாளரின் கடவுச்சொல்லில், நான்கும் ஷிப்டு தொடங்கி மூன்று மணி நேரத்துக்குப் பிறகு.

ஒரு வாரம் கழித்து அவளுக்குக் கடிதம் வந்தது. ‘பதிவுப் பிழை காரணமாக வழங்கப்பட்ட நான்கு மெமோக்களும் ரத்து செய்யப்படுகின்றன.’ அவ்வளவுதான். மேற்பார்வையாளருக்கு வாய்மொழியாக ஓர் எச்சரிக்கை. பட்டியலை இனி அச்சடித்து வாசலிலும் ஒட்ட வேண்டும் என்று ஓர் உத்தரவு. கடிதம் பெற்றுக்கொண்டதற்கு அலுவலக நகலில் கையெழுத்துக் கேட்டார் அதிகாரி.

“பிழை தானா வந்துச்சா சார்? யார் கையால வந்துச்சுன்னு எழுதலையே” என்று கேட்டாள்.

விஷயம் முடிந்துவிட்டது, இதை இனியும் கிளறாதே, உனக்கு நல்லதுதானே நடந்திருக்கிறது என்று அதிகாரி பூசி மெழுகினார். அவள் பேனாவை வாங்கினாள். கையெழுத்துக்கு மேலே, கொட்டை எழுத்தில், ‘இது பிழையல்ல. ஷிப்டு தொடங்கிய பிறகு மேற்பார்வையாளர் மாற்றியது’ என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டாள்.

“இப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா.”

“எழுதியாச்சு சார்.”

மச்சினன் இப்போது ஆறு மணிக்கு டாணென்று வந்துவிடுகிறான். உடன் வேலை செய்யும் நாலு பேர், எங்கள் பெயரையும் பார்த்துச் சொல்லக்கா என்று கேட்டிருக்கிறார்கள். அதுதான் எல்லாம் முடிந்துவிட்டதே, கம்ப்யூட்டரை அணைத்துவிடலாமா என்று கணவர் ஒருநாள் பயந்து பயந்து கேட்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அந்த ஆளு இன்னும் அதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்கான். ஓடட்டும்” என்றாள்.