நடுக் கீல்

மேஜிக் ஷோவுக்குப் போனால் அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கூட்டமே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும். இவர் மட்டும் தூங்குகிறவர் மாதிரி இருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு மானம் போகும். முழங்கையால் இடிப்பாள்.

"தூங்கலம்மா, கவனிச்சிட்டுதான் இருக்கேன்" என்பார், கண்ணைத் திறக்காமலே.

மேடையில் ஆள் மறையும் பெட்டிகளைச் செய்து கொடுப்பவர் அவர். முதலில் அலமாரிதான் செய்துகொண்டிருந்தார். பின்பலகை திறக்கிற மாதிரி ஒரு அலமாரி வேண்டும் என்று தொப்பி போட்ட ஒருவர் வந்து கேட்டார்.

"எதுக்கு, திருடன் உள்ள வர்றதுக்கா?"

"இல்லைங்க, என் சம்சாரம் வெளியே போறதுக்கு."

அன்று பிடித்த கிறுக்கு, அப்பாவைக் கடைசிவரை விடவில்லை. ஆனால் மேடை ஏறச் சொன்னால் மட்டும் உதறல் எடுக்கும். நாலு பேர் பார்த்தால் அவர் கையில் ஸ்பூன்கூட நிற்காது.

மகள் லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனியில் இன்ஜினியர். லிஃப்ட் கதவுகள் சத்தமில்லாமல் மூட வழி செய்வது அவள் வேலை. காதுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. அப்படிப்பட்டவளிடம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "ரெண்டு வருஷமா நுரையீரல் கெட்டிருக்கு. விடாம இருமியிருப்பாரே, கவனிக்கலையா?"

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவோடு ஃபோனில் பேசியவள் அவள். கேட்டதெல்லாம் பட்டறைச் சத்தம்தான். பேச்சு நடுவில் "இரும்மா" என்பார். சாணை மெஷின் ஓடத் தொடங்கும். "லீவு நாள்லகூட விடமாட்டீங்களா?" என்று திட்டியிருக்கிறாள். இருமல் ஒன்றுகூடக் கேட்டதில்லை. அப்பா போன பிறகும் அந்தக் கேள்வி மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

கடைசியாக அவர் செய்த பெட்டி பட்டறையில் நின்றது. அதைக் கொண்டுபோகத் தொப்பி மாமாவும் அத்தையும் வந்தார்கள். அன்று அலமாரி கேட்டு வந்த அதே தொப்பிக்காரர்தான். மேடையில் மந்திரக்கோல் மாமா கையில். மறைகிற வேலை அத்தைக்கு. மாலையிலேயே ஷோ.

"கதவு கிரீச்னு கத்துச்சு மாமா. எண்ணெய் விட்டுட்டேன்."

"நல்ல காரியம் பண்ணினே. உங்கப்பா குடுத்த எல்லாப் பெட்டியும் இப்படித்தான் கத்தும். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! 'நாளைக்கு விடறேன்'ம்பார். அந்த நாளைக்கு வந்ததே இல்ல."

ஒருமுறை செய்து பார்த்தார்கள். அத்தை பெட்டிக்குள் நின்றார். கதவு மூடும் நேரத்துக்குள் உள்ளே இருக்கும் பொய்ப்பலகையைத் திருப்பி அதன் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும். கதவு வழுக்கிக்கொண்டு போய் மூடியது.

டக்.

மாமா திறந்தார். பெட்டி காலி. ஆனால் மாமா முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன சத்தம் அது?"

"தாழ்ப்பாள்" என்றது காலிப் பெட்டி.

"கடைசி வரிசைவரைக்கும் கேக்குமேடி!"

"அதுக்கு நான் என்ன பண்ண? இத்தனை வருஷமா இதே டக்குதான். உங்களுக்குக் காது இன்னிக்குத்தான் திறந்திருக்கு."

மகள் தாழ்ப்பாளின் நாக்கில் கம்பளித் துண்டு ஒட்டினாள். டக் போயிற்று, தாழ்ப்பாளும் பிடிக்கவில்லை. பலகை தானாகத் திறந்து, அத்தை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். ரப்பர் வைத்துப் பார்த்தாள். அதற்கும் அதே பல். மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் தலையில் முடி இல்லை என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

இதே டக்குதான் என்கிறார் அத்தை. எல்லாப் பெட்டியும் கத்தும் என்கிறார் மாமா. பலகைகளின் இடுக்கில் காகிதம் நுழையாத அளவுக்கு இழைக்கிற மனிதர், ஒரு கீலை மட்டும் கத்த விடுவாரா?

கீல்களின் ஊசிகளை உருவினாள். மேல் ஊசியும் கீழ் ஊசியும் கண்ணாடி மாதிரி இருந்தன. நடுக் கீலின் ஊசியில் மட்டும் அரத்தால் குறுக்குக் கோடுகள் போட்டிருந்தன. நெருக்கமாக, ஒரே சீராக.

"மாமா, இது கெட்டுப்போய்க் கத்தலை. கத்தணும்னே செஞ்சிருக்கார்."

எண்ணெய் போக ஊசியை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, காயவைத்து மாட்டினாள். அத்தை உள்ளே போனார். கிரீச் என்று கதவு மூடியது.

"தாழ்ப்பாளை இன்னும் தள்ளலையா?" என்றார் மாமா.

"நான் எப்பவோ தள்ளியாச்சு!"

"அட, படுபாவி மனுஷா" என்று மாமா தொப்பியை மாட்டிக்கொண்டார். "எங்கிட்டயே மறைச்சிட்டாரே."

அவள் மூலையில் இருந்த சாணை மெஷினிடம் போனாள். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் ஓடிய கல். விளிம்பில் விரலை ஓட்டினாள். கொஞ்சமும் தேயவில்லை. பக்கவாட்டில் கடைக்காரன் ஒட்டிய காகிதம்கூட வெள்ளையாக இருந்தது.

"அத்தை, என்கூட ஃபோன்ல பேசும்போது அப்பா இதுல என்ன தீட்டுவார்?"

அத்தை மாமாவைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒண்ணும் தீட்டமாட்டார்மா. ஒரு நாள் பார்த்தேன். அது பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு. இவர் துண்டை வாயில அழுத்திட்டு நின்னார். 'அவளுக்குப் பாம்புக் காது, நீங்க எதுவும் சொல்லிடாதீங்க'ன்னார்."

மாலையில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அத்தை கையசைத்துவிட்டுப் பெட்டிக்குள் போனார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டக் எந்த நொடியில் வரும், எந்த மூலையிலிருந்து வரும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். இப்போது காதில் விழுந்துவிட்டால், ஃபோனில் அந்த இருமலும் விழுந்திருக்க வேண்டியதுதான்.

கிரீச் என்றது கதவு. அதற்கு அடியில் தேடினாள். கூட்டத்தின் கைதட்டல்தான் வந்தது.

பக்கத்து இருக்கைப் பெண் முழங்கையால் இடித்தாள். "என்னங்க, நல்ல கட்டத்துல தூங்கிட்டீங்களே!"

"தூங்கலைங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கழித்து, "ஒண்ணுமே கேக்கலை" என்றாள்.