அறுபதடி உயரத்தில் ஒரு பலூன் கொத்து

கொடைக்கானல் ஏரிக்கரையில் கேஸ் பலூன் விற்பவரிடம் மொத்தக் கொத்தையும் வாங்கிக்கொண்டு, அரசாங்கப் பொறியாளர்கள் உட்கார்ந்திருந்த வேனில் ஏறியவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். விற்றவருக்கே நம்பிக்கை வரவில்லை. எத்தனை பிள்ளைகளுக்கு என்று கேட்டார். ஒரு டஜன் பேர், எல்லாருக்கும் மீசை இருக்கிறது என்றேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்த கதை இது. பாரம்பரியத் தாக்க மதிப்பீடு என்பது வாய் கொள்ளாத பெயர்; விஷயம் என்னவோ சின்னதுதான். ஒரு பழைய இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக எதையாவது கட்டப்போகிறீர்களா? கட்டினால் அந்தப் பழைய இடத்துக்கு என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள், அப்புறம் கடப்பாரையைத் தூக்குங்கள். இதைப் பொறியாளர்களுக்கும் நகரமைப்புக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுக்க சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். நான் அவருக்கு உதவியாள். படம் காட்டும் கருவியை மாட்டுவது, டீ வந்துவிட்டதா என்று பார்ப்பது, இவைதான் என் வேலை. இரண்டே நாளில் கொடைக்கானல் குளிர் அவரைக் காய்ச்சலில் தள்ளிவிட்டது. களப்பயிற்சியை நீயே நடத்து என்று கம்பளிக்குள்ளிருந்து சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

என் அப்பாவுக்குப் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. மகள் கட்டடக்கலை படித்தவள் என்று காவடி எடுத்து வருகிறவர்கள் வரைக்கும் சொல்லிவைத்திருந்தார். நானோ ஒரு கழிவறைகூடக் கட்டியதில்லை. மற்றவர்கள் கட்டப்போவதைக் கேள்வி கேட்கும் உத்தியோகத்தில் போய் மாட்டியிருந்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம், “நீ கட்டுனது ஒண்ணக் காட்டும்மா, போட்டோ புடிச்சுக் கடையில மாட்டணும்” என்பார். நான் பஞ்சாமிர்தத்தை வழித்துத் தின்றுகொண்டிருப்பேன்.

களப்பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது கற்பனைக் கணக்கு இல்லை. ஒரு புல்மேட்டில் கற்திட்டைகள் இருந்தன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே பெரிய கல்லை மூடியாக வைத்து, யாரோ எந்தக் காலத்திலோ இறந்தவர்களுக்கு எழுப்பிய சின்ன அறைகள் அவை. பக்கத்து ஊர்க்காரர்கள் குள்ளர் வீடு என்பார்கள். அவற்றுக்கு நேர் பின்னால் இருந்த மேட்டில், சுற்றுலா வருகிறவர்களுக்காக அறுபதடி உயரத்துக்குக் காட்சிக் கோபுரம் வரப்போகிறது என்று பேச்சு. ஒப்புதல் தரவேண்டிய அதிகாரி அன்று காலை எங்கள் பயிற்சியைப் பார்க்க வருகிறார். பார்த்துவிட்டு அப்படியே திண்டுக்கல்லுக்கு இறங்கிவிடுவார். கோபுரம் கற்திட்டைகளின் தலைமேலா, வேறு இடத்திலா என்பது அந்த ஒரு காலையில் தெரிந்துவிடும். நினைக்க நினைக்க எனக்குப் பயமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அந்தக் கோபுரத்தை வரைந்த பொறியாளரே என் மாணவர்களில் ஒருவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். இரண்டு நாளும் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கட்டாத கோபுரத்துக்கு இம்புட்டுப் பாடா மேடம் என்று கேட்டதோடு சரி.

கட்டுவதற்கு முன்பே ஒரு கோபுரம் எப்படித் தெரியும் என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதே இடத்தில் அதே உயரத்துக்கு ஒரு பலூனைப் பறக்கவிட்டுச் சுற்றிலும் நின்று பார்க்க வேண்டும். நிபுணர் கொண்டுவந்திருந்த பெரிய பலூன் பெட்டிக்குள்ளேயே கிழிந்து கிடந்தது. ஏரிக்கரைக்கு நான் ஓடியது அதனால்தான்.

கொத்து வேன் கதவில் நுழையவில்லை. பிரித்து ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தேன். பொறியாளர் பங்குக்கு இதய வடிவத்தில் ஒரு ரோஸ் பலூன் போய்ச் சேர்ந்தது. வேன் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் பலூன்கள் மொத்தமாகச் சாய்ந்து எல்லார் மூஞ்சியிலும் உரசின. மன்னவனூரிலிருந்து கேரட் ஏற்றி வந்த லாரிக்காரர் எங்களைப் பார்த்து வண்டியையே நிறுத்திவிட்டார். டீ எப்போது என்று அன்றைக்குத்தான் ஒருவரும் கேட்கவில்லை.

கோபுரம் வரவிருந்த மேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பொறியாளரின் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. எங்கள் முடிச்சுகளைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்துத் தானே கட்டினார். தூண்டில் நரம்பைத் தானே அளந்தார். அறுபதடி என்றால் அறுபதடிதான், ஐம்பத்தொன்பது கிடையாது என்று டிரைவரை அதட்டினார். கொத்து மேலே ஏற ஏற அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. பத்து நிமிடத்துக்குள் ‘என் பலூன்’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் மூடுபனி வந்தது. முதலில் பலூன், பிறகு மேடு, பிறகு பக்கத்தில் நின்ற யூகலிப்டஸ் மரம் என்று ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சரியாக அந்த நேரம் பார்த்து அதிகாரியின் ஜீப்பும் வந்து நின்றது.

அவரைக் கற்திட்டைக்கு முன்னால் நிறுத்தினேன். மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார்.

“ஒண்ணுமே தெரியலையேம்மா. தெரியலைன்னா பாதிப்பு இல்லைன்னுதான அர்த்தம்?”

நான் நடத்திய முதல் வகுப்பின் முடிவு இதுதானா என்று எனக்கு அழுகை முட்டியது. பனி விலகிவிடும் சார் என்றேன். இந்தா இப்ப வெலகிரும் என்று மேட்டில் நரம்பைப் பிடித்திருந்த டிரைவரும் கத்தினார். பனி வந்ததிலிருந்து அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

பொறியாளர் சும்மா இருந்திருந்தால் போதும். கோபுரம் அவர் நினைத்த இடத்திலேயே வந்திருக்கும். ஆனால் அந்த மனிதர் ஓடிப்போய் ஜீப்புக்கு முன்னால் நின்றார்.

“பலூனப் பாக்காமப் போனா எப்பிடிங்க சார்? அம்புட்டு முடிச்சும் நான் போட்டது.”

அதன் பிறகு அவர் பிடித்த பிடி இருக்கிறதே. ரோட்டோர டீக்கடையிலிருந்து மிளகாய் பஜ்ஜி வரவழைத்தார். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குள் காட்டெருமை நுழைந்த கதையைச் சொன்னார். சொன்னது போதாமல் காட்டெருமையாகவே ஆகிக் காட்டினார். அதிகாரி இருமி இருமிச் சிரித்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு கதையோடு சேர்ந்துகொண்டார்கள். சொந்தச் செலவில் தோற்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. உள்ளுக்குள் எனக்கு நிலைகொள்ளவில்லை. வானத்தையும் பஜ்ஜித் தட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன், தட்டு வேகமாகக் காலியாகிக்கொண்டிருந்தது.

கடைசி பஜ்ஜியைப் பொறியாளர் எடுத்தபோது காற்று வீசியது. பனி ஒரு ஓரமாகக் கிழிந்து, மேடு தெரிந்து, பலூன்களும் தெரிந்தன. நேரே மூடுகல்லின் தலைக்கு மேல், நீலமும் மஞ்சளும் பச்சையுமாக, உச்சியில் அந்த ரோஸ் இதயம். எல்லாரும் ஹோவென்று சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு தானாக அடங்கியது. எவ்வளவு முயன்றாலும் கல்லைப் பார்க்க முடியவில்லை, கண் மேலேயே போய் நின்றது. அத்தனை காலம் அமைதியாக இருந்த இடம் அது.

பொறியாளர் கையில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

“நல்லால்லைங்க சார்,” என்றார். “நான் வரஞ்சதுதான். ஆனா இந்த எடத்துல நல்லால்ல.”

அதிகாரி மேட்டில் ஏறி டிரைவரிடமிருந்து நரம்பை வாங்கித் தன் கையில் சுற்றிக்கொண்டு, மறுபக்கச் சரிவில் இறங்க ஆரம்பித்தார். நாங்கள் கற்திட்டைக்கு முன்னாலேயே நின்றோம். அவர் குரல் மட்டும் வந்தது, தெரியுதா, தெரியுதா என்று. தெரியுது சார் என்று கத்திக்கொண்டே இருந்தோம். கொத்து மேட்டுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் ரோஸ் இதயத்தின் நுனி மட்டும் மிச்சம் இருந்தது, அதுவும் போனது. தெரியலை என்று ஒரே குரலாகக் கத்தினோம். ஒன்று காணாமல் போனதற்காக அரசாங்க ஊழியர்கள் கட்டிப்பிடித்துக் குதித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். நானும் குதித்தேன். அந்த இடத்தில் பொறியாளர் தன் கையாலேயே முளை அடித்தார்.

கோபுரம் பிறகு அங்கேதான் வந்தது. அடுத்த கோடையில் அப்பாவைக் கற்திட்டைக்குக் கூட்டிப்போனேன், நான் கட்டியதைக் காட்டுகிறேன் என்று சொல்லி. கல்லைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். கழுத்து வலிக்கிற வரை சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“ஒண்ணையுங் காணமேம்மா.”

“அதான்ப்பா நான் கட்டுனது” என்று சொல்லி, பலூன் கதை முழுவதையும் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, கொண்டுவந்திருந்த கேமராவில் கல்லையும் அதன் மேலிருந்த வெறும் வானத்தையும் படம் எடுத்தார்.

அந்தப் படம் கடையில் கல்லாவுக்கு மேல் மாட்டியிருந்தது. கொடைக்கானல் போகப்போகும் பக்தர்களிடம் பஞ்சாமிர்தத்தைக் கொடுத்துவிட்டு, படத்தைக் காட்டுவார்.

“எம்மக கட்டுனதுங்க. போனாப் பாத்துட்டு வாங்க, ஒண்ணுமே தெரியாது.”